'சிஸ்டர்' என்று கூப்பிட்டால் போதுமா?

ஒரு பேச்சுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். "இந்தக் காலத்து நர்சுங்களுக்குச் சேவை மனப்பான்மையே இல்லைங்க" என்கிற பேச்சு. கடற்கரைச் சாலையில் காலை நடையின்போது கேட்கிறேன். ஓய்வூதியர் கூட்டத்தில் கேட்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கிறேன். நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் இந்த இடத்தில் வந்து நிற்கிறோம். அடுத்து என்ன சொல்வார்கள் என்பதும் எனக்கு மனப்பாடம்: "அந்தக் காலத்துல மாசேருங்க இருந்தாங்களே, அவங்கள மாதிரி வருமா?"

வெளியூர் அன்பர்களுக்காக ஒரு விளக்கம். 'மா சேர்' என்றால் பிரெஞ்சில் 'என் சகோதரி'. புதுச்சேரியில் கன்னியாஸ்திரீகளை அப்படித்தான் அழைப்போம். குளூனி சபைச் சகோதரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நம்மூருக்கு வந்துவிட்டவர்கள். பள்ளிக்கூடம், அநாதைப் பிள்ளைகள், நோயாளிகள் என்று அவர்கள் செய்த தொண்டை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. வெள்ளை அங்கியைக் கண்டாலே எழுந்து நிற்கிற தலைமுறை நாங்கள். ஆனால் அவர்களைக் கொண்டுவந்து இன்றைய செவிலியர் பக்கத்தில் நிறுத்தி அளவு பார்ப்பது நியாயமே இல்லை என்கிறேன்.

மாசேருக்கு வாடகை இல்லை. மாமியார் இல்லை. பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய பிள்ளை இல்லை. சாப்பாடும் இருப்பிடமும் முதுமையில் கவனிப்பும் சபை பார்த்துக்கொள்ளும். இன்றைய நர்ஸ் வில்லியனூரிலிருந்தோ பாகூரிலிருந்தோ பஸ் பிடித்து வருகிறவர். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர். நர்சிங் படிப்புக்கு வாங்கிய கடன் இன்னும் கழுத்தில் இருக்கிறது. இவரையும் நாம் 'சிஸ்டர்' என்றே அழைக்கிறோம். அழைப்பது மரியாதையாகத்தான். ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு துறவியிடம் எதிர்பார்க்கிற தியாகத்தைச் சம்பளக்காரரிடம் எதிர்பார்க்கிறோம். அது கிடைக்காதபோது குணம் கெட்டுப்போச்சு என்கிறோம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் 'திக்தே' என்று சொல்வது எழுதும் பயிற்சி தினமும் உண்டு. அதில் அடிக்கடி வருகிற சொல் 'தெவூமான்'. தன்னையே கொடுத்துவிடுவது என்று பொருள். மாசேர்களைப் பற்றிப் பேசினால் அந்தச் சொல் வராமல் இருக்காது. பிரெஞ்சில் இன்னொரு சொற்றொடரும் உண்டு: 'கொன்சியான்ஸ் ப்ரொஃபெசியொனெல்'. தொழில் மனச்சாட்சி என்று சொல்லலாம். தச்சனுக்கு அது உண்டு, கணக்கனுக்கு உண்டு, குமாஸ்தாவுக்கும் உண்டு. எடுத்த வேலையை அரைகுறையாக விட மனம் கேட்காமல் இருப்பது. என் கட்சி இதுதான்: நோயாளிக்கு வேண்டியது நர்சின் தொழில் மனச்சாட்சி. நாம் கேட்டுக்கொண்டிருப்பதோ அவருடைய தியாகத்தை. தொழில் மனச்சாட்சி வேலை செய்ய நேரமும் ஆளும் சொல்லுக்கு மதிப்பும் வேண்டும். அவற்றைக் கொடுக்காமல் ஈடுபாடு எங்கே என்று தேடுவது, தண்ணீர் ஊற்றாமல் செடியைத் திட்டுகிற வேலை.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனர் குளியலறையில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். எல்லா இடத்திலும் நடப்பதுதான். இரவில் துணைக்கு நான் இருந்தேன். தூக்கம் வராத குமாஸ்தா என்ன செய்வான்? சட்டைப்பையில் இருந்த நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். வார்டில் 34 பேர். நர்ஸ் ஒருவர். ஒரு ஆயா. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிக்குள் இரண்டு புதிய கேஸ் வந்து சேர்ந்தது. ஒருவர் இறந்துபோனார். ஒரு மரணம் என்றால் எத்தனை கையெழுத்து, எத்தனை போன், எத்தனை அழுகை என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு நடுவே ட்ரிப்ஸ் மாற்ற வேண்டும், பி.பி. பார்க்க வேண்டும், ஊசி போட வேண்டும், கேஸ் ஷீட்டிலும் ரிஜிஸ்டர்களிலும் எழுத வேண்டும். அந்தப் பெண் உட்கார்ந்ததை நான் பார்த்தது எழுதும்போது மட்டும்தான்.

அசைய முடியாமல் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது நர்சிங்கின் பாலபாடம். என் மைத்துனரை அந்த இரவில் இரண்டே முறைதான் புரட்டினோம். அதுவும் நானும் ஆயாவும் சேர்ந்து. ஒரு வாரத்தில் இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வந்துவிட்டது. அவருடைய மகள் காலையில் வந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்: "என்ன சிஸ்டர், உங்களுக்கெல்லாம் கொஞ்சம்கூட அக்கறையே இல்லையா?" அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. டெட்டால் வாசனையோடு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அதே நர்ஸுக்குப் பகல் டூட்டி. அப்போது வார்டில் ஐந்து பேர் இருந்தார்கள். அதே பெண்தான் மைத்துனருக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிட்டார். "தாத்தா, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்று தலை சீவிவிட்டார். துடைக்கும்போதே ஒரு கால் கெண்டைச்சதை மற்றதைவிட வீங்கியும் சூடாகவும் இருப்பதைக் கவனித்து, ரவுண்ட்ஸ் வந்த டாக்டரை நிறுத்திச் சொன்னார். அந்த டாக்டர் நல்லவர், காது கொடுத்துக் கேட்டார். ஸ்கேன் எடுத்ததில் ரத்தக்குழாயில் கட்டி. எலும்பு முறிந்து படுத்திருப்பவர்களுக்கு வரக்கூடியது. கவனிக்காமல் விட்டால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும். ஆள் நிமிஷத்தில் போய்விடுவார். மைத்துனர் இன்றும் இருக்கிறார். பேரன் கல்யாணத்தைப் பார்த்துவிட்டார்.

இப்போது சொல்லுங்கள். அந்த நர்சுக்கு அக்கறை இருந்ததா, இல்லையா? சேவை மனப்பான்மை பகலில் வந்து இரவில் போய்விடுமா? மாறியது ஆள் கணக்கு ஒன்றுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். உயிரைக் காப்பாற்றியது விலை உயர்ந்த இயந்திரம் மட்டுமில்லை. ஸ்கேனுக்கு அனுப்பச் சொன்னது, உடம்பு துடைத்த கை. துடைப்பது, புரட்டுவது, வாய் கொப்பளிக்க வைப்பது, கைபிடித்து நடக்கவைப்பது, இவற்றையெல்லாம் சின்ன வேலை என்று நினைக்கிறோம். நோயாளியின் உடம்பை யாராவது முழுதாகப் பார்ப்பது அப்போதுதான். ஆள் குறையும்போது முதலில் விடுபட்டுப்போவதும் இந்த வேலைகள்தான். ஊசி போடாவிட்டால் கேஸ் ஷீட்டில் தெரிந்துவிடும். புரட்டிப்போடாதது எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது. முதுகில்தான் ஏறும்.

ஒரு கிழவன் ஒரு வார்டைப் பார்த்துவிட்டுப் பேசுகிறான் என்று நினைப்பவர்களுக்காகக் கணக்கும் தருகிறேன். அமெரிக்காவில் லிண்டா ஏக்கன் என்பவர், தாமே நர்சாக இருந்து ஆய்வாளர் ஆனவர். அவரும் குழுவினரும் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டு, அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,30,000-க்கும் அதிகமான நோயாளிகளின் விவரங்களைப் பார்த்து 2002-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. அதைத்தான் நம்மவர்கள் படிக்க வேண்டும். அதே ஒரு கூடுதல் நோயாளியால், நர்ஸ் மனம் சோர்ந்து வேலையில் பற்றிழந்துபோகும் வாய்ப்பு 23 விழுக்காடு கூடியது. நர்சின் ஈடுபாடும் நோயாளியின் உயிரும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றன. கயிற்றை இழுப்பது ஆள் எண்ணிக்கை. 2014-ல் ஐரோப்பாவின் 9 நாடுகளில் பார்த்தபோதும் அதே 7 விழுக்காடுதான் வந்தது.

அப்படியானால் ஈடுபாடு என்பதே பொய்யா? இல்லை. அது மெய், பலனும் பெரியது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நர்சுகள் வேலையை விட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம். சில மருத்துவமனைகளில் மட்டும் ஓடவில்லை. ஏன் என்று போய்ப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட 41 மருத்துவமனைகளைப் பற்றி 1983-ல் ஒரு நூல் வந்தது. காந்தம்போல ஆட்களைப் பிடித்துவைத்திருந்ததால் 'மேக்னட்' மருத்துவமனைகள் என்று பெயர். அங்கே நிர்வாகக் கூட்டத்தில் தலைமைச் செவிலியருக்கு நாற்காலி இருந்தது. வார்டு விஷயத்தில் நர்ஸ் சொல்வது எடுபட்டது. டாக்டர்கள் அவர்களைச் சக தொழிலாளராக நடத்தினார்கள். பின்னால் இறப்புக் கணக்கைப் பார்த்தபோது, அந்த மருத்துவமனைகளில் மற்றவற்றைவிட இறப்பு சுமார் 5 விழுக்காடு குறைவாக இருந்தது. ஈடுபாடு ஆட்களோடு பிறந்து வருவதாக இருந்தால், குறிப்பிட்ட 41 கட்டடங்களில் மட்டும் எப்படி வந்து குவியும்?

இதன் மறுபக்கம் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனை. 2005-க்கும் 2009-க்கும் இடையில் அங்கே நோயாளிகள் அசுத்தமான படுக்கையில் கிடந்தார்கள். தண்ணீர் எட்டாத இடத்தில் இருந்தது. உணவூட்ட ஆள் இல்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் போராடி விசாரணை வைத்தார்கள். ராபர்ட் பிரான்சிஸ் என்ற வழக்கறிஞர் தலைமையில் நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2013-ல் வந்தது. நிர்வாகம் ஓர் உயர்ந்த அந்தஸ்து வாங்குவதற்காக வரவு செலவைச் சரிக்கட்டுவதில் மும்முரமாக இருந்தது, அதற்காக ஆட்களைக் குறைத்தது, நர்சுகள் குறை சொன்னபோது காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதெல்லாம் வெளிவந்தது. பணக்கார நாடு, பெரிய படிப்பு, எல்லாம் இருந்தும் வார்டு அப்படி ஆயிற்று.

நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிறது. விடுப்புக்கு மாற்று ஆள் 30 விழுக்காடு தனி. நான் பார்த்த 34-க்கு ஒன்று எந்தக் கணக்கில் வந்தது? அரசு அலுவலகத்தில் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் கோப்பு போகிற வழி எனக்குத் தெரியும். படுக்கை எண்ணிக்கை கூடினால் பந்தல், ரிப்பன், கல்வெட்டு எல்லாம் உண்டு. அந்தப் படுக்கைகளுக்கு நர்ஸ் பணியிடம் கேட்கிற கோப்புக்கு ரிப்பன் கிடையாது. "தற்போதுள்ள பணியாளர்களைக் கொண்டே சமாளிக்க இயலுமா என்பதைத் தெளிவுபடுத்தவும்" என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அந்த ஒரு வரிதான் நள்ளிரவில் ஒற்றை ஆளாக வார்டில் நிற்கிறது. இயலுமா என்றால் இயலும். யாருடைய முதுகில் என்பதுதான் கேள்வி.

பணியிடம் கிடைத்தாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். பக்கத்துத் தமிழ்நாட்டில் 2015-ல் தேர்வு எழுதித் தேறி வந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். தனியார் மருத்துவமனைகளின் கதை உச்ச நீதிமன்றம்வரை போனது. 2016-ல் நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான சிறிய மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. கேரள நர்சுகள் அதற்காகவே 2017-ல் தெருவுக்கு வந்து போராட வேண்டியிருந்தது. அப்போதும் நம்மவர்கள் சொன்னார்கள்: "நோயாளிய விட்டுட்டு ஸ்டிரைக் பண்ணலாமா? சேவை மனப்பான்மை எங்கே?"

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு 1988-ம் ஆண்டு ஞாபகம் வரும். அந்த ஆண்டு பிரான்ஸ் முழுக்க நர்சுகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊர்வலத்தில் அவர்கள் போட்ட கோஷம் 'நி பொன், நி நோன், நி கோன்'. நாங்கள் வேலைக்காரிகளும் இல்லை, கன்னியாஸ்திரீகளும் இல்லை, முட்டாள்களும் இல்லை என்பது அதன் பொருள். மூன்றாவது சொல் கொஞ்சம் காரமானது, தமிழில் நான் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறேன். மாசேர் மரபு நம்மைவிட ஆழமாக வேரோடிய நாட்டிலேயே நர்சுகள் இப்படிச் சொல்ல வேண்டி வந்தது.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு. கூப்பிட்டால் செல்போனிலிருந்து தலை நிமிராதவர்கள் இருக்கிறார்கள். ஏழை என்றால் எடுத்தெறிந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் எதிர்பார்க்கிற ஆயாக்களும் வார்டு பாய்களும் இருக்கிறார்கள். மறைக்க ஒன்றுமில்லை. பத்து குமாஸ்தா இருந்த செக்‌ஷனில் இரண்டு பேர் எப்போதும் டீக்கடையில்தான் இருப்பார்கள் என்பதை நாமெல்லாம் பார்த்தவர்கள்தானே. அதற்காக மற்ற எட்டுப் பேருக்கும் மனச்சாட்சி இல்லை என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வருமா, வராதா? சோம்பேறியைத் தட்டிக்கேட்க வார்டு இன்சார்ஜுக்கு அதிகாரம் கொடுங்கள். அதுவும் நர்சின் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பதன் ஒரு பகுதிதான். ஆள் நிறைய இருக்கிற வார்டில் சோம்பேறி உடனே அகப்பட்டுக்கொள்வார். ஒற்றை ஆள் நிற்கிற வார்டில் சோம்பேறி யார், சோர்ந்துபோனவர் யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இப்போது பெரிய தனியார் மருத்துவமனைகளில் இன்னொரு வேடிக்கை. நர்சுகளுக்குப் புன்னகை செய்ய வகுப்பு எடுக்கிறார்கள். போகும்போது நம் கையில் ஒரு படிவம் கொடுத்து நட்சத்திரம் போடச் சொல்கிறார்கள். மே 12 வந்தால் கேக் வெட்டி, மெழுகுவர்த்தி ஏற்றி, உறுதிமொழி. அன்று நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாள். அவர் கையில் இருந்த விளக்கை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தை மறந்துவிட்டார்கள். எத்தனை சிப்பாய் செத்தான், காயத்தாலா, மருத்துவமனை அசுத்தத்தாலா என்று எண்ணி, படம் போட்டு, லண்டன் அரசாங்கத்தின் மூஞ்சியில் நீட்டியவர் அவர். இங்கிலாந்தின் புள்ளியியல் சங்கம் சேர்த்துக்கொண்ட முதல் பெண் உறுப்பினர். உருகி உருகிச் சேவை செய்தவர் என்று மட்டும் அவரைச் சொல்லிக்கொண்டிருப்பது நிர்வாகங்களுக்கு வசதி. எண்ணிக்கை கேட்டவர் என்று சொன்னால் வசதிப்படாது.

நம்மிடமே பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது. பள்ளியில் எங்களுக்குத் தமிழ் இரண்டாம் பட்சம்தான். குறளை நான் முறையாகப் படித்தது வேலைக்கு வந்த பிறகு. 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நாலு கூறாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, நாலாவது பக்கத்திலிருந்து கவனிப்பவர். நாலில் ஒரு பங்கு. இன்று மருத்துவமனை விளம்பரத்தைப் பாருங்கள். டாக்டர்களின் படம் இருக்கும், இயந்திரத்தின் படம் இருக்கும். நாலாவது கூறு ஓரத்தில் புன்னகையோடு நிற்கும், பெயர்கூட இருக்காது.

ஆகையால் ஓய்வுபெற்ற தோழர்களே, இனி இப்படிச் செய்வோம். நம்மையோ நம் வீட்டாரையோ சேர்க்கப் போகும்போது, ஸ்கேன் இருக்கிறதா, ஏ.சி. அறை இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், "ராத்திரியில் இந்த வார்டுக்கு எத்தனை நர்ஸ், எத்தனை நோயாளி?" என்று கேட்போம். நர்ஸ் ஏதாவது சொன்னால் "டாக்டர் சொல்லட்டும்" என்று கையை ஆட்டாமல் காது கொடுப்போம். கோபம் வந்தால் கோபத்தைக் கொண்டுபோய் வார்டில் கொட்டாமல் கண்காணிப்பாளர் மேஜையில் எழுத்தில் வைப்போம். கலிஃபோர்னியாவில் 1999-ல் சட்டம் போட்டார்கள். 2004-லிருந்து எந்த வார்டுக்கு எத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது அங்கே சட்டக் கட்டாயம். அது தானாக வரவில்லை, கேட்டு வாங்கினார்கள்.

பஞ்சப்படிக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் நாம் எழுதாத மனுவா? மனு எழுதுவதில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டினால் போதும். நம் அரசு மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்ட நர்ஸ் பணியிடம் எத்தனை, அதில் காலி எத்தனை, ஒப்பந்தத்தில் எத்தனை பேர், ஒவ்வொரு வார்டிலும் இரவுப் பணியில் எத்தனை பேர் என்று நாலே கேள்வி. வரைவு நான் எழுதித் தருகிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் சொல்லுங்கள்.